ஒன்பது பேரும் பாஸ்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி, எனக்கு இந்த ஓரம் போதும். இல்லல்ல, பையை மேல வைக்க வேண்டாம். மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு மனு இருக்கு. மேல வச்சா எவனாவது அவன் மூட்டையைத் தூக்கி இதுமேல ஏத்துவான், கசங்கிப்போகும். கசங்கின மனுவை ஆபீசுல எவன் மதிக்கறான்?

யுனிவர்சிட்டி ஸ்டாப்புல இறங்கணும் நான். கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேன். தலையாட்டினான். தலையாட்டறவனை நான் நம்பறதில்ல. என் வகுப்புல அறுபது பேரு தலையாட்டுவான், ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஏறியிருக்காது. உசிலம்பட்டியை விட்டு இப்பத்தானே கிளம்பறோம். நாலு மணிக்குப் போயிரலாம். அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் செல்லாது.

வாத்தியார்தான். காலேஜ் வாத்தியார். பேரு நாகலிங்கம். கணக்கு டிபார்ட்மெண்ட், ஆனா எகனாமிக்ஸ் பிள்ளைங்களுக்கு ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கறேன். இருபத்திரெண்டு வருஷமா அதே பேப்பர், அதே நோட்டு. நோட்டு பழுத்துப்போச்சு, ஆனா ஒரு எழுத்து மாத்தினதில்ல. மாத்தறவன்தான் தம்பி தப்புப் பண்ணுவான்.

எங்க காலேஜ் சின்னக் காலேஜ். பேரு வேண்டாம், பஸ்ஸுல யாரு யாரு இருக்காங்களோ. அதுல ஸ்போர்ட்ஸ் கமிட்டின்னு ஒண்ணு உண்டு. அஞ்சு வாத்தியாரு, அதுக்கு ஒரு கன்வீனர். விளையாட்டுல என்ன நடக்குதுன்னு படிப்புப் பக்கத்து ஆளுங்க கண்காணிக்கணும்னு விதி. ஆனா கன்வீனர்னா என்ன செய்வாங்க? வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்குத் தொப்பி போட்டுக்கிட்டு முன்வரிசையில உக்காருவாங்க, ரோஸ்மில்க் குடிப்பாங்க, போயிருவாங்க. யாருக்கும் அந்தப் பதவி வேண்டாம். ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டின்னு என் தலையில கட்டினாங்க. கட்டினவங்களுக்கு ஒண்ணு தெரியல. நான் ஒரு வேலையை எடுத்தா நிஜமாவே பாப்பேன்.

முதல் வாரமே பந்துகளை எண்ணினேன். வாலிபால் எட்டு இருக்கணும், ஏழுதான் இருந்துச்சு. எட்டாவது எங்கன்னு கேட்டா, 'டேங்கு மேல கிடக்கு சார்'ங்கறாங்க. ஏறிப் பாத்தேன் தம்பி. என் வயசுக்கு, அந்த இரும்பு ஏணியில. கிடந்துச்சு. கிடந்தா மட்டும் ஆச்சா? மேல எப்படிப் போச்சுன்னு ஒரு கேள்வி இருக்குல்ல?

அப்புறம் முட்டை. கபடி விளையாடற பொம்பளப் பிள்ளைங்களுக்குக் காலையில ஆளுக்கு ஒரு அவிச்ச முட்டை. அது வயித்துக்குள்ளதான் போகுதா, கேட்டுக்கு வெளிய போகுதான்னு யாரு பாத்தா? நான் ஒரு மாசம் முன்னாடி நின்னு தின்ன வச்சேன். ஒரு பிள்ளைக்கு நான் பாத்துக்கிட்டே இருந்ததுல முழுங்க முடியாம விக்கிப்போச்சு. உடனே அந்தம்மா, 'சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாலே பிள்ளைங்க தின்னுரும் சார்'னு சொல்லுது. எதுக்குத் திரும்பச் சொல்லணும்? யோசிச்சுப் பாருங்க.

அந்தம்மான்னா பி.டி. மேடம். விளையாட்டு டீச்சர். பவுன்தாய்னு பேரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். டெம்பரரி போஸ்ட், வருஷா வருஷம் ஆர்டர் நீட்டிச்சாத்தான் வேலை. வாய் கம்மி. கழுத்துல எப்பப் பாத்தாலும் ஒரு விசில். நான் என்ன கேட்டாலும் 'சரிங்க சார்', 'பாத்துக்கறேன் சார்'. கோபமே வராது. கோபமே வராத மனுஷின்னு ஒருத்தி இருப்பாளா? என் வீட்டுக்காரியைப் பாருங்க, நான் சாம்பாரை மோந்து பாத்தாலே கரண்டியைத் தூக்குவா. அதான் இயற்கை. இந்தம்மா சிரிச்சுக்கிட்டே 'சரிங்க சார்'ங்குது. அங்கதான் எனக்கு முதல் சந்தேகம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கபடி டீம்ல பன்னெண்டு பேரு. அதுல ஒம்பது பேரு எகனாமிக்ஸ் ரெண்டாம் வருஷம். விளையாட்டுக் கோட்டாவுல வந்ததுங்களை எல்லாம் அங்கதான் தள்ளுவாங்க. ஆக ஒம்பதும் எங்கிட்ட ஸ்டாடிஸ்டிக்ஸ். வகுப்புல கடைசி ரெண்டு பெஞ்சு. காலையில அஞ்சரைக்கு ஓடிட்டு வந்து, பத்து மணிக்கு என் வகுப்புல கண்ணு சொக்கும். நான் எழுப்ப மாட்டேன். தூங்கறவங்களால தொந்தரவு இல்ல பாருங்க.

முதல் இன்டர்னல் டெஸ்ட் வச்சேன். இருபத்தஞ்சு மார்க். பத்து எடுத்தா பாஸ். இந்த ஒம்பதுல ஒண்ணே ஒண்ணு பாஸ். மிச்ச எட்டும் மூணு, நாலு, ஒண்ணரை. ஒருத்தி பேப்பர்ல பேரை மட்டும் எழுதி, கீழ 'நன்றி'ன்னு போட்டிருந்தா. சரி, வழக்கமா நடக்கறதுதானேன்னு விட்டுட்டேன்.

ரெண்டாவது இன்டர்னல். ஒம்பதும் பாஸ்.

நீங்க சிரிக்கறீங்க. நான் ஒம்பது பேப்பரையும் மறுபடி திருத்திப் பாத்தேன். பதினஞ்சு, பதினேழு, பதினெட்டு. ஒச்சம்மான்னு ஒருத்தி, அவதான் கேப்டன், இருபத்திரெண்டு. வகுப்புலயே முதல் ராங்க் எடுக்கற பையன் இருபத்தொண்ணு. ஒரு மாசத்துல எட்டுப் பேருக்கு எங்கிருந்து வந்துச்சு மூளை? முட்டையில இருந்தா?

கேள்வித்தாள் வெளிய போயிருக்கு. வேற என்ன? ஆனா அதுலயும் ஒரு சிக்கல். கேள்வித்தாள் போட்டது நான். ஒத்தை விரலால டைப் அடிச்சது நான். என் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை அரைஞாண் கயித்துல கட்டி வச்சிருந்தேன். குளிக்கறப்பவும் அங்கதான். அப்ப யாரு? அட்டெண்டர் பால்பாண்டியைக் கூப்பிட்டு விசாரிச்சேன். அவன் அன்னியிலருந்து எனக்கு டீ கொண்டுவர்றதில்ல. வீட்டுக்காரிகிட்டயே கேட்டேன், 'நான் தூங்கறப்ப யாராவது என் இடுப்பைத் தொட்டாங்களா'ன்னு. அவ என்ன சொன்னான்னு இங்க சொல்ல முடியாது. 'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறதே உங்களுக்குப் பொழைப்பாப் போச்சு'ன்னா. அது மட்டும் சொல்றேன்.

சரின்னு நான் என் பாணியில இறங்கினேன். சாயங்காலம் நாலரைக்குப் பிராக்டிஸ் தொடங்கணும். ஆனா நாலுல இருந்து நாலரை வரைக்கும் ஸ்போர்ட்ஸ் ரூம் கதவு சாத்தியிருக்கு. உள்ள டீம் முழுக்க இருக்கு, அந்தம்மாவும் இருக்கு. சாத்தின கதவுக்குப் பின்னாடி நல்லது நடந்ததா சரித்திரம் உண்டா?

பின்பக்கம் தண்ணி டேங்குக்கு எதிரே ஒரு ஜன்னல். கம்பி வலை போட்டது. தப்பா நினைச்சிராதீங்க தம்பி, அங்கயிருந்து பாத்தா கரும்பலகையும் முன்பெஞ்சும் மட்டுந்தான் தெரியும், உடை மாத்தற இடம் வேற கட்டடம். நான் அங்க போய் நின்னேன். கன்வீனர்ங்கற முறையில. கையில ஒரு நோட்டு. அதுக்கே ஸ்டாஃப் ரூம்ல என்னைப்பத்திக் குசுகுசுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு மனுஷன் ஜன்னல் பக்கம் நின்னாப் போதும், எப்படித்தான் இந்த ஜனங்களுக்கு இவ்வளவு சந்தேக புத்தி வருதோ!

முதல் நாள் என்ன பாத்தேன்? அந்தம்மா பலகையில எழுதுது. தவமணி, அஞ்சு மேட்ச்: ஆறு, ஆறு, அஞ்சு, ஏழு, ஆறு. பக்கத்துல ஒச்சம்மா, அஞ்சு மேட்ச்: பன்னெண்டு, சைபர், பதிமூணு, ஒண்ணு, நாலு. எதிரணிக்குள்ள பாடிப்போய்த் தொட்டுட்டு வர்றாங்கள்ல, அதுல ஒவ்வொரு மேட்ச்சுக்கும் எடுத்த பாயிண்ட்டு. கூட்டிப் பாத்தா ரெண்டு பேருக்கும் முப்பது. சராசரி ரெண்டு பேருக்கும் ஆறு.

அந்தம்மா கேக்குது: 'கடைசி ரெண்டு நிமிஷம். நமக்கு மூணு பாயிண்ட் வேணும். யாரை அனுப்புவீங்க?'

எல்லாப் பிள்ளையும் ஒரே குரல்ல, 'தவமணியை!'

'ஏன்டி? சராசரி ஒண்ணுதானே?'

ஒருத்தி சொல்லுறா, 'ஒச்சம்மாவை நம்ப முடியாது மேடம். ஒருநாள் கோழியடிச்சு விருந்து வைப்பா, ஒருநாள் பட்டினி போடுவா.'

அந்த ஒச்சம்மாவே விழுந்து விழுந்து சிரிக்கறா. ரூமே சிரிக்குது. அந்தம்மா சிரிப்பு அடங்கறவரைக்கும் காத்திருந்து சொல்லுது, 'நம்பலாமா, நம்பக்கூடாதான்னு ஒரு நம்பர் சொல்லும். அதுக்குப் பேருதான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன்.'

அப்புறம் போட்டாங்க கணக்கை. சராசரியில இருந்து எவ்வளவு தள்ளியிருக்கு, அதை வர்க்கம் பண்ணு, கூட்டு, வகு, ரூட் எடு. எல்லாம் என் நோட்டுல இருக்கற வழிதான். வரிக்கு வரி என் நோட்டு.

வயிறு எரிஞ்சுச்சு தம்பி. பொய் சொல்லக்கூடாது. இருபத்திரெண்டு வருஷத்துல என் வகுப்புல அந்தக் கணக்குக்கு ஒரு பிள்ளை சிரிச்சதில்ல. சிரிக்க அதுல என்ன இருக்குன்னு கேக்கறேன். இது கணக்கா, கரகாட்டமா?

மறுநாள் நேராவே போய்க் கேட்டேன். 'மேடம், ஸ்போர்ட்ஸ் ரூம்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் நடத்த உங்களுக்கு யாரு அனுமதி குடுத்தது?'

'நான் எம்.பி.எட். படிக்கறப்ப ஒரு பேப்பர் உண்டு சார். ஏதோ எனக்குத் தெரிஞ்சது. கணக்கெல்லாம் உங்க நோட்டுல இருக்கறதுதான் சார். பேரை மட்டும்தான் மாத்தினேன்.'

'பேரை எதுக்கு மாத்தணும்?'

'நோட்டுல இருக்கற மாதிரி ஃபேக்டரி ஏ, ஃபேக்டரி பி-ன்னா பிள்ளைங்களுக்குப் பிடிபடல சார்.' கொஞ்சம் தயங்கிட்டு, 'இந்தத் தடவை தேறலைன்னா நாலு பேரை வீட்டுல நிறுத்திருவாங்க சார். ஒச்சம்மாவுக்கு மாப்பிள்ளையே பாத்து வச்சிருக்காங்க. படிப்பு வரலைன்னு தெரிஞ்சா தை மாசம் கல்யாணம்'னுச்சு.

அது குடும்ப விஷயம். அதுக்கும் ஸ்டாடிஸ்டிக்ஸுக்கும் என்ன சம்பந்தம்? அப்படித்தான் சொன்னேன். சொல்லிட்டு வந்துட்டேன். ராத்திரி சாப்பாடு இறங்கல, அது வேற காரணம், வெண்டைக்காய் வழுவழுன்னு இருந்துச்சு.

ஆனா பாருங்க, அரை மணி நேரம் நடத்தினா இருபத்திரெண்டு மார்க் வந்துருமா? நான் இருபத்திரெண்டு வருஷம் நடத்தி வராதது? அதை நம்பினா நான் என்னை எங்க கொண்டுபோய் வச்சுக்கறது? அதனால கேள்வித்தாள் வெளிய போயிருக்கு. போய்த்தான் இருக்கணும். இந்த நடத்தறது, சிரிக்கறது எல்லாம் அதை மறைக்கற திரை.

பிரின்சிபால்கிட்ட போனேன். எழுத்துல குடுத்தேன். அவர் நல்ல மனுஷன், ஆனா வெளுத்ததெல்லாம் பாலுங்கற ரகம். 'சரி நாகலிங்கம், என் ரூம்ல வச்சே பாத்துருவோம். நீங்க புதுசா ஒரு கணக்குக் குடுங்க, அந்தப் பிள்ளை போடட்டும்'னார். ஒச்சம்மாவைக் கூப்பிட்டாங்க. அந்தம்மாவும் வந்து ஓரமா நின்னுச்சு. நான் அங்கயே, அவங்க கண்ணு முன்னாடியே ஒரு கணக்கு எழுதினேன். ரெண்டு ஃபேக்டரி. தொழிலாளிங்க கூலி. எந்த ஃபேக்டரியில கூலி சீரா இருக்கு?

பிள்ளை பேப்பரைப் பாத்துச்சு. முழிச்சுச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம், மாட்டுச்சுன்னு. அப்ப மெதுவாக் கேக்குது: 'சார், ஃபேக்டரி ஏ-வைத் தவமணின்னு வச்சுக்கலாமா சார்?'

பிரின்சிபால் சிரிச்சுட்டாரு. நான் சிரிக்கல. 'வச்சுக்கம்மா'ன்னு அவரே சொல்லிட்டாரு. அவ பேப்பர் ஓரத்துல 'தவமணி', 'நான்'னு எழுதினா. ஆறு நிமிஷம். போட்டு முடிச்சுட்டா. விடை சரி. நான் மூணு தடவை போட்டுப் பாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு.

'என்ன நாகலிங்கம், திருப்திதானே?'ன்னாரு பிரின்சிபால்.

'எப்படி சார் திருப்தி? தொழிலாளிக்குப் பேரு வைக்கச் சொல்லி சிலபஸ்ல எங்க இருக்கு? பரீட்சைத்தாள்ல இருக்கறதை மாத்திக்கிட்டா அதுவே ஒரு மால்பிராக்டிஸ் இல்லையா?'ன்னு கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அப்புறம் சொன்னாரு, 'உங்களுக்கு இதுல மேல போகணும்னா நேரா யுனிவர்சிட்டிக்குப் போங்க. திங்கட்கிழமை மண்டல மேட்ச் தொடங்குது. கன்வீனர் கையெழுத்தோட ஆட்சேபணை போனா நம்ம டீமை நிறுத்தி வச்சுட்டுத்தான் விசாரிப்பாங்க. விசாரணை முடிய ஆறு மாசம். மார்க்கும் அதுவரைக்கும் நிக்கும். அந்தப் பிள்ளைங்க பரீட்சை எழுத முடியாது. இந்தம்மாவுக்கு நான் ஆர்டர் நீட்டிக்க முடியாது. இவ்வளவும் உங்க ஒரு கையெழுத்துல இருக்கு. யோசிச்சுச் செய்ங்க.'

இது எப்படி இருக்கு? மிரட்டறாரா இல்லையா? நீங்களே சொல்லுங்க. நேர்மையா இருக்கறவனைப் பாத்து யோசிங்கறாங்க.

அந்தம்மா வெளிய வராண்டாவுல வச்சு, 'சார், என்னை என்ன வேணும்னாலும் எழுதிக்கங்க. பிள்ளைங்களை மட்டும் விளையாட விட்டுருங்க'னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு. நான் அதையும் நோட்டுல குறிச்சுக்கிட்டேன். மடியில கனம் இல்லாதவங்களுக்கு எதுக்குக் கண்ணு கலங்கணும்?

அதான் மனு. நாலு பக்கம். இன்னிக்குத்தான் கடைசி நாள். காலையிலயே கிளம்பியிருக்கலாம். வேட்டி காயல. அப்புறம் ஒரு பஸ்ஸு வந்துச்சு, அந்த டிரைவரைப் பாத்தா தூக்கக் கலக்கத்துல இருக்கற மாதிரி இருந்துச்சு, ஏறல. அடுத்த பஸ்ஸுல நிக்க இடமில்ல. அதுக்கடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு. ரொம்பக் காலியா இருந்துச்சு. ஏன் காலியா இருக்குன்னு யோசிக்கறதுக்குள்ள போயிருச்சு. கடைசியில இதுதான் வாய்ச்சது.

எந்த ஊரு இது, செக்கானூரணியா? சரி சரி, அடுத்து யுனிவர்சிட்டிதான்.

என்ன கேட்டீங்க? உள்ள போய்ப் பாத்தேனா? ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள்ளயா? இல்ல. ஒருதரம் கூடப் போகல. வெளியவே நின்னேன். பத்துப் பன்னெண்டு நாள் நின்னேன்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். மனுவுலயும் அதை எழுதல. முக்கியமில்லைன்னு விட்டுட்டேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, நான் போறேன், ஜன்னலுக்கு வெளிய ஒரு நாற்காலி கிடக்கு. எனக்குன்னே போட்டிருக்காங்க. உக்காந்து பாருங்கன்னு. லஞ்சம் இல்லாம இது என்ன? உக்காந்தா ஒரு போட்டோ எடுத்து, 'கன்வீனர் முன்னிலையில் வகுப்பு நடைபெற்றது'ன்னு எழுதிக்குவாங்க. நான் உக்காரல. நாற்காலி பக்கத்துலயே ரெண்டு நாள் நின்னேன். மூணாவது நாள் முழங்கால் வலி தாங்கல, உக்காந்தேன். முழங்காலுக்காக உக்காந்தேன், அதைக் குறிச்சுக்கங்க.

உக்காந்தா நல்லாத் தெரியுது, கேக்குது. பலகையில ஒரு சின்னப் பிள்ளை நிக்குது. முதல் டெஸ்ட்ல பேரை மட்டும் எழுதி 'நன்றி' போட்டாளே, அவதான். சுந்தரவள்ளி. கணக்கைப் போடறா. வர்க்கம் பண்ணிட்டா, கூட்டிட்டா, அஞ்சால வகுத்துட்டா, முப்பதுன்னு எழுதிக் கோடு போட்டுட்டா. முடிஞ்சுதுன்னு திரும்பறா. அந்தம்மா ஒண்ணும் சொல்லாம பாக்குது, அவளாவே கண்டுபிடிக்கட்டும்னு. மத்த பிள்ளைங்களும் சும்மா இருக்குதுங்க. எனக்கு உக்கார முடியல தம்பி. கோடு போட்டுட்டாளே, அவ்வளவு தூரம் சரியா வந்துட்டுக் கடைசிப் படியில நின்னுட்டாளே...

யாரு கத்தறான்? கண்டக்டரா? 'யுனிவர்சிட்டி, யுனிவர்சிட்டி'ங்கறான், கத்தட்டும். இருங்க, இந்த இடத்தைச் சொல்லி முடிச்சிடறேன்.

என்னையறியாம ஜன்னல்ல இருந்து கத்திட்டேன்: 'ரூட்! ரூட் எடு பிள்ள!'

ரூம் முழுக்கத் திரும்புது. அந்தச் சுந்தரவள்ளி ஒரு செகண்ட் என்னைப் பாத்தா, பலகையைப் பாத்தா, நெத்தியில அடிச்சுக்கிட்டா. ரூட் போட்டா. அஞ்சு புள்ளி நாலு ஏழு. எழுதிட்டு ஜன்னலைப் பாத்து, 'தாங்க்ஸ் சார்'னா.

அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. தாங்க்ஸ் சார். காக்கா பிடிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா அந்தப் பிள்ளை முகத்துல... எப்படிச் சொல்றது. புரிஞ்ச முகம் எப்படி இருக்கும்னு நான் ரொம்ப வருஷமாப் பாத்ததில்ல தம்பி. தலையாட்டற முகந்தான் பாத்திருக்கேன். அந்தம்மா எந்திரிச்சு, 'உள்ள வாங்க சார்'னுச்சு. கதவைத் திறந்து விட்டுச்சு. நான் போகல. நோட்டை மடக்கிக்கிட்டு விறுவிறுன்னு வந்துட்டேன். டேங்குக்குப் பின்னாடி வந்து கொஞ்ச நேரம் நின்னேன். கண்ணுல என்னமோ விழுந்துருச்சு. அந்தக் கிரவுண்டுல ஒரே புழுதி.

போயிருந்தா என்ன ஆகியிருக்கும்ங்கறீங்க? போயிருந்தா என் பேரையும் ஃபேக்டரிக்கு வச்சிருப்பாங்க. விடுங்க.

என்ன? என்ன சொல்றீங்க? போயிருச்சா? எப்பப் போச்சு?

ஐயய்யோ. இது நாகமலைப் புதுக்கோட்டைல்ல! ஏம்ப்பா கண்டக்டர், ரெண்டு தடவை சொன்னேன்ல உங்கிட்ட? மூணு தடவை கத்தினியா? எனக்கு ஒரு தடவைதான் கேட்டுச்சு. கத்தினா ஆகுமா, ஆளை வந்து தொட்டுச் சொல்ல வேண்டாமா?

நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல தம்பி. ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கீங்க, போர்டு தெரிஞ்சிருக்குமே. அதென்ன சரியா அந்த நேரம் பாத்து, 'உள்ள போனீங்களா'ன்னு கேட்டீங்க? ஆங்? உங்களுக்கு எந்த ஊரு? பவுன்தாய் மேடத்தைத் தெரியுமா? சொந்தமா? இல்ல, சும்மாத்தான் கேக்கறேன். ஒரு மனுஷனைப் பேச விட்டே ஸ்டாப்பைத் தாண்ட வைக்கறதுன்னா அது சாமானியப்பட்ட வேலை இல்ல.

இங்க இறங்கினா ஆட்டோ கிடைக்குமா? கிடைக்கும், அதோ நிக்குது. நாலு நிக்குது. எதுக்கு நாலு சும்மா நிக்குது? இந்த நேரத்துல சவாரி இல்லாம நிக்கற ஆட்டோவுல ஏதோ ஒரு கோளாறு இருக்கும். ஏற மாட்டேன்.

எதிர்ப்பக்கம் பஸ்ஸா? அது யுனிவர்சிட்டியில நிக்கும்னு என்ன நிச்சயம்? இவன் நிறுத்தினதே எனக்குத் தெரியல, அவன் நிறுத்துவானா?

மணி நாலு அடிச்சு அஞ்சு நிமிஷந்தான் ஆகுது, நடந்தாக்கூடப் போயிரலாம்ங்கறீங்க. போயிரலாம். இப்ப எதுக்குத் தம்பி என்னை இறக்கி விடறதுல உங்களுக்கு இவ்வளவு அவசரம்? இவ்வளவு நேரம் இறங்க விடாம பேச்சுக் குடுத்தீங்க, இப்ப இறங்கு இறங்குங்கறீங்க. ஒண்ணு அது, இல்ல இது. ரெண்டும் எப்படி? எனக்கு உங்க மேல ஒரு அபிப்பிராயம் வந்துருச்சு.

இறங்கறதா இல்லையான்னு கேக்கறானே இந்தக் கண்டக்டர். எல்லாரும் என்னையே பாக்குறாங்க. வெயிலைப் பாருங்க எப்படி அடிக்குதுன்னு. இந்த வெயில்ல நடந்து வேர்த்துப்போய் ஒரு மனுவைக் குடுத்தா, கோபத்துல எழுதினது மாதிரி இருக்காதா?

நீ வண்டியை எடுக்கச் சொல்லுப்பா. எடு, எடு. மதுரைக்கே போறேன்.